ஈர நாக்கு

"எங்க, நாக்க நீட்டு." யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் நோன்பன்று மத்தியானம் தாண்டினால் முராத் பராஷி ஆளாளுக்கு இப்படித்தான் குசலம் விசாரிப்பார். நாக்கு வெளுத்து வறண்டிருந்தால் நோன்பு முறியவில்லை என்று அர்த்தம். முதுகில் ஒரு தட்டு கிடைக்கும். சிவந்து ஈரமாக இருந்தால் அந்த ஆள் தொலைந்தான்.

எருசலேம் சந்தையில் ஆலிவ் ஊறுகாய் விற்பவர். வாடிக்கைக்காரர் வாயில் ஒரு காயைத் திணித்த பிறகுதான் விலை சொல்வார். நோன்பு தொடங்கினால் மறுநாள் இருட்டும்வரை பச்சைத் தண்ணீர் அவர் பல்லில் படாது. நாற்பத்தொரு வருடமாக அப்படி. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

மூன்று வருடத்துக்கு முன் நோன்பன்று, இதய அறுவை முடிந்து ஜெப ஆலயத்துக்கு வந்திருந்த கடூரி மருந்துக்காகத் தண்ணீர் குடித்திருந்தார்; நாக்கு சிவந்திருந்தது. "என்னப்பா, பீட்ரூட் யாவாரமா?" என்றார் முராத். ஜெப ஆலயமே சிரித்தது. அதிலிருந்து கடூரி நோன்பன்று உள்ளே வருவதில்லை. முற்றத்துப் படியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே கேட்டுப் பிரார்த்திக்கிறார்.

நோன்புக்கு முன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன் மன்னிக்காமல் ஆண்டவனும் மன்னிப்பதில்லை. முராத் வீடுவீடாகப் போவார், கடூரி வீட்டைத் தவிர. "அவன்கிட்ட என்னத்தக் கேக்க? வெளாட்டுக்குச் சொன்னது" என்பார் மனைவி நஜீமாவிடம்.

இந்த வருடம் சர்க்கரை முராத்தின் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது. நோன்பே கூடாதென்றார் மருத்துவர். மதகுரு ரபியும் விடவில்லை. "குடிக்காம கெடந்து செத்தீன்னா அதுதான்யா பாவம். ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு தடவ, ஒரு வாய்க்குக் கொறச்சலா குடி. அந்த அளவுக்கு நோன்பு முறிஞ்சதா கணக்கில்ல."

நோன்பன்று காலையிலிருந்து ஜெப ஆலயத்தின் கடைசி வரிசையில், பிரார்த்தனைச் சால்வையை முக்காடாக இழுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மருந்து மூடியில் குடித்தார். ஒவ்வொரு மடக்கும் திருடிக் குடிப்பதுபோல் இருந்தது. ஒருவரும் அவரை நாக்கு நீட்டச் சொல்லவில்லை. முராத்தின் நோன்பை யார் சந்தேகிப்பார்கள்? அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

வெயில் சாய்ந்தது. ஆட்டுக்கொம்பு ஊதிவிட்டால் நோன்பும் மன்னிப்புக்கான நேரமும் முடிந்தது. முராத் எழுந்து முற்றத்துக்கு வந்தார்.

"என்ன, சோதன போட வந்தியா?" என்றார் கடூரி, நிமிராமல்.

முராத் முக்காட்டை விலக்கினார். கடூரிக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார். மூடியில் இருந்த தண்ணீரை கடூரி பார்க்கவே குடித்தார். பிறகு, யாரும் கேட்காமலே, சிவந்த ஈர நாக்கை அவருக்கு நேராக நீட்டினார், நீட்டியபடியே இருந்தார்.