மூன்றாம் பந்தி

பேத்தியின் கல்யாணத்துக்கு ஆள் கணக்குக் கேட்டு வந்த சமையல்காரர், மாதிரிக்குக் கொண்டுவந்த வாழையிலைக் கட்டைக் கூடத்தில் பிரித்தார். நான்கு நாளாகப் பட்டியல் எழுதி ஓய்ந்திருந்த நான், அந்தப் பச்சை வாசனையில் பத்து வயதுக்குப் போய்விட்டேன்.

நேமத்தான்பட்டியில் அக்காவின் கல்யாணம். மாப்பிள்ளை எங்கள் தாய்மாமன் மகன். கணக்கு வாத்தியாரான அப்பா, பெண் வீட்டார் நூற்றிருபது, மாப்பிள்ளை வீட்டார் நூறு என்று கூட்டி, இருநூற்றிருபது பேருக்குச் சமைக்கச் சொன்னார். இரண்டாம் பந்தி எழுந்ததும் சமையல்காரர் வந்து நின்றார்.

“வாத்தியாரய்யா, ஒங்க இலை போக இன்னும் எழுபது இலை கெடக்கு. ஆளுக எங்குட்டுப் போயிட்டாக?”

அம்மாதான் பதில் சொன்னாள். “எங்க அண்ணன் வீட்டு ஆளுகளை ரெண்டு பக்கமும் எழுதியிருக்கீக. அவுகளுக்கு ஆளுக்கு ஒரு வயிறுதான்.”

பந்தலே சிரித்தது. அப்பா அன்று சாப்பிடவில்லை. மிச்சம் எழுபத்தோரு இலை.

பின்னாளில் கல்லூரியில் நிகழ்தகவு நடத்தினார்கள். இது அல்லது அது நடக்கும் வாய்ப்பைக் காண, இரண்டின் வாய்ப்பையும் கூட்டி, இரண்டும் சேர்ந்து நடப்பதை ஒருமுறை கழிக்க வேண்டுமாம். வகுப்பு விழித்தது. எனக்கு மட்டும் மாமா வீட்டார் வரிசையாகத் தெரிந்தார்கள். அதன்பின் முப்பது வருடம் அரசாங்கப் பட்டியல்களில் இரண்டு இடத்தில் இருக்கும் பெயர்களை அடித்தே ஓய்வுபெற்றேன்.

இன்றும் அதே பழக்கத்தில், சிவப்புப் பேனாவோடு இரண்டு பட்டியலையும் ஒத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை புனேக்காரர். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பெயர்கூட இல்லை.

“அப்படியே கூட்டிக்கிருங்க,” என்றேன். “கழிக்க ஆளில்லை.”