உப்பில்லாத வீட்டில் குட்டித் தக்காளி

தையற்காரி வீட்டு உப்பு தீர்ந்துபோகவில்லை. அவளே சாக்கடையில் கொட்டி, டப்பாவையும் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். லாரி ஓட்டும் புருஷன் ரத்தக்கொதிப்பில் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்து, எப்படியோ பிழைத்து வீடு வந்த அன்றைக்கு. டாக்டர் குறைக்கத்தான் சொன்னார். குறைப்பதெல்லாம் ஆகிற காரியமா? பக்கத்தில் இருந்தால் கை தானாகப் போகும்.

மனுஷன் தட்டைத் தள்ளினார். "இதை மாடுகூடத் திங்காது!" அப்புறம் கமுக்கமாக அக்காவுக்குப் போன் போட்டுவிட்டார்.

மறுநாளே நாத்தனார் வந்து இறங்கினாள். "என் தம்பியப் பட்டினி போட்டே கொல்லப் பாக்குறியா? அவன் துணிமணிய எடுத்து வை. நான் கூட்டிட்டுப் போறேன்."

தையற்காரிக்குப் பொறுக்கவில்லை. பட்டினி கிடக்கிறேன் என்று கட்டினவளிடம் சொல்ல வாயில்லை, அக்காவிடம் சொல்ல மட்டும் வாய் இருக்கிறதாக்கும்! அழுகை முட்டியது. அழுதால் தோற்ற மாதிரி என்று விழுங்கிக்கொண்டாள்.

"சாப்பிட்டுட்டுப் போகட்டும் அண்ணி."

ஜன்னலோரம் பெயின்ட் வாளியில் காய்த்த குட்டித் தக்காளிகளைப் பறித்தாள். தையல் ஊசியைக் கொதிநீரில் கழுவி ஒவ்வொன்றையும் குத்தினாள். குத்தாமல் போட்டால் எண்ணெயில் வெடித்து மூஞ்சியில் அடிக்கும். முதல் தடவை அடித்த தழும்பு கன்னத்தில் இன்னும் இருக்கிறது.

"தோலும் விதையுமாவா போடுற? அவனுக்குக் கல்லு வந்துடும்!"

"வராது அண்ணி, நர்ஸம்மாகிட்டக் கேட்டாச்சு. தோலுலதான் சத்தே இருக்காம். எண்ணெயில வதக்கினாத்தான் அந்தச் செகப்பு உடம்புல ஒட்டுமாம்."

பூண்டு, மிளகு, சின்னத் தீ. தண்ணீர் சுண்டச் சுண்டப் புளிப்பும் இனிப்பும் இறுகி வாசனை தூக்கியது. வேகவைத்தால் வைட்டமின் கொஞ்சம் போய்விடும் என்று சில பழங்களைப் பச்சையாகவே தட்டோரம் வைத்தாள்.

தையற்காரி சுட்டு வைத்த ரொட்டியை நாத்தனார் அதில் தொட்டு வாயில் போட்டாள். "அடிப்பாவி, உப்புப் போட்டிருக்க!"

"வீட்டையே கவுத்துப் பாருங்க."

பார்க்கவும் செய்தாள் மகராசி. மாவு டப்பாவைக்கூட விடவில்லை. ஒரு கல் உப்பு கிடைக்கவில்லை.

அதற்குள் மனுஷன் தட்டை வழித்துவிட்டார். முகம் மட்டும் அப்படியே கடுகடுவென்று இருந்தது.

"நாளைக்கும் இதேதானா?"

"நாளைக்கும் இதான், என்னைக்கும் இதான். பிடிக்கலைன்னா திட்டுங்க, தட்டைத் தூக்கி எறிங்க. எதுவா இருந்தாலும் உயிரோட இருந்து செய்யுங்க. உங்க துணிய எடுத்து வைக்க என் கை வராது."

"கெளம்புடா" என்றாள் நாத்தனார்.

அவர் எழுந்திருக்கவில்லை. "நீ போயிட்டு வாக்கா. இவளைத் திட்டுறதுக்கு இங்க ஆள் வேணாமா?"