துணிக்குக் காவல் இருந்த தங்கை

இன்று தென்காசியிலிருந்து குடும்பத்தோடு குற்றாலம் வந்தோம். நல்ல சாரல்.

அருவியில் குளிக்கப் போனால் ஒருவர் துணிக்குக் காவல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு எப்போதும் சண்டை நடக்கும். இன்று தங்கையே முன்வந்தாள்.

"நீங்க போங்க, நான் பாத்துக்கிடுதேன்."

பையில் நான் எழுதிய முதல் நாவல் இருந்தது. ஆறு மாதமாக "படிக்கேன், படிக்கேன்" என்கிறாள். இன்று படித்துவிடுவாள் என்ற நம்பிக்கையில் அருவியில் அதிக நேரம் நின்றேன்.

திரும்பி வந்தால், என் நாவலின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, சாரலில் நனையாதபடி தான் கொண்டுவந்த வேறொரு தடித்த புத்தகத்துக்குப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாயதேசத் தொடரின் முன்கதை. பதினாறு வயதுக் கூலிக்கொலைகாரியைப் பற்றியது.

எனக்கு வயிறு எரிந்தது.

"ஏட்டி, முன்கதைன்னா அவ சாகமாட்டான்னுதான் தெரியும்லா? பிறகென்ன?"

"எப்படிக் கொல்லப் பழகுனான்னு தெரியாண்டாமா? ஒன் கதைல பத்துப் பக்கமா ஒருத்தன் ஜன்னலையே பாத்துக்கிட்டு இருக்காம்ணே."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். இப்போது துணிக்கு நான் காவல். இரண்டு புத்தகங்களும் என் மடியில் இருக்கின்றன.

அந்தப் பெண் கத்தியோடு அரண்மனைக் கூரையில் நிற்கிறாள். உறையை நான் இன்னும் மாற்றவில்லை.

கொல்வாளா மாட்டாளா என்று தெரிந்தவர்கள், தயவுசெய்து கமென்டில் சொல்லிவிடாதீர்கள்.