நான் எழுதிக் கெடுத்த கடற்கரைக் கிராமம்

எண்பதுகளின் கடைசியில் சிட்னியில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தேன். என்னோடு ஒரே இயந்திரத்தில் நின்றவன் பசிபிக் கடலின் சமோவாத் தீவுக்காரன். "உந்தக் காட்டானோட உமக்கென்ன கதை?" என்று எங்கள் யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் கேட்டார். அவருக்குத் தன் பாட்டனின் தகப்பன் பெயர் தெரியாது. இவனுக்குப் பதினெட்டுத் தலைமுறை தெரியும்.

அந்த மதியச் சாப்பாட்டு மேசையை இன்றும் நினைத்து ஏங்குகிறேன். அவன் தன் கிராமத்தைப் பற்றிச் சொல்லுவான். கடல் வற்றும்போது மணலுக்குள்ளிருந்து நல்ல தண்ணீர் பொங்கும் இடம். அந்தத் தண்ணீரைக் கண்டுதான் முதல் படகு ஒதுங்கியதாம். கடல் இரண்டு முறை ஊரைத் தின்றது. இரண்டு முறையும் மேட்டில் ஏறிக் கட்டினார்கள். பழைய வீடுகளின் கல்மேடைகள் இன்னும் நீருக்கடியில் கிடக்கின்றன. எந்தக் குடும்பத்தின் மேடையோ, அந்தக் குடும்பம்தான் அதன்மேல் வலை வீசும்.

அந்த ஊர்க் குடும்பங்கள் முப்பது சிட்னியில் இருந்தன. பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் வரும். தேவாலய மண்டபத்தில் வாசிக்க, ஊர்க்கதையை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னான். யாழ்ப்பாணத்தில் நான் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். தலைகால் தெரியாத பெருமை எனக்கு.

எந்த ஊர், ஆருடைய மகன், தாய் எந்தப் பகுதி என்று கிண்டாவிட்டால் எங்கள் ஆட்களுக்குச் சோறு இறங்காது. அவனையும் கிண்டினேன். இன்னொரு குடும்பத்தின் மூதாதை அங்கே எப்படி வந்தார் என்பதைச் சொல்லிவிட்டான். பெருமையான வருகை இல்லை. உடனே என் பேனாவைப் பிடித்தான்.

"இதை எழுதாதை. மற்றக் குடும்பத்தின்ர வேரைச் சபையில சொல்லுறேல்லை."

"எல்லாருக்கும் தெரியும் எண்டாய்?"

"தெரியும். அதுக்காகச் சொல்லுறதோ?"

அது இல்லாமல் என்ன சரித்திரம் என்று வீட்டில் எழுதிச் சேர்த்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"வேண்டாம் எண்டவரெல்லே? உங்கட பூட்டன்ர கதையை ஆரும் கோயில்ல வாசிச்சா விடுவியளோ?"

கேட்கவில்லை. மடையன் நான்.

அவனுக்கு ஆங்கிலம் பேசத்தான் வரும். என்னை நம்பித் தாள்களைப் போதகரிடம் கொடுத்தான். போதகர் அந்த வரியை வாசித்ததும் அக்குடும்பத்து மூத்தவர் எழுந்து வெளியேறினார். அவர் வீட்டார் அத்தனை பேரும் பின்னால் போனார்கள். அவர் மன்னிக்காவிட்டால் அந்த முப்பது வீட்டிலும் என் நண்பனுக்கு இடமில்லை.

"நான்தான் எழுதினன் எண்டு சொல்லுறன்," என்றேன்.

"கதை என்ர வாயிலயிருந்துதானே வந்தது."

மறுநாள் காலை மூத்தவரின் வீட்டு முன்புல்லில் குனிந்து உட்கார்ந்து, தாழை ஓலையில் பின்னிய மெல்லிய பாயால் தலையை மூடிக்கொண்டான். பிழை செய்தவன் அப்படித்தான் இருக்க வேண்டுமாம். பாயை மூத்தவர் எடுத்தால் மன்னிப்பு. எடுக்கும்வரை எழும்பக் கூடாது, அடித்தாலும் வாய் திறக்கக் கூடாது. நானும் பாய்க்குள் புகுந்தேன்.

"இடம் காணாது, போ," என்று கிசுகிசுத்தான்.

"நீதான் பெருத்துப்போனாய். தள்ளு."

புல்லின் ஈரம் காற்சட்டையில் ஏறியது. தபால்காரன் நின்று பார்த்துவிட்டுப் போனான். முழங்கால் விறைத்த பிறகுதான் கதவு திறந்தது. இரண்டு கால்கள் எங்கள் முன்னால் வந்து வெகுநேரம் நின்றன. பிறகு பாய் போனது. வெயில் கண்ணில் அடித்தது. மூத்தவர் அவனைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். இருவரும் சத்தம்போட்டு அழுதார்கள்.

என்னையும் உள்ளே கூப்பிட்டுக் குசினிக் கதிரையில் இருத்தினார். கொக்கோ ஊற்றித் தந்தார். கதவைச் சாத்திவிட்டு, தன் மூதாதையின் வருகையைத் தானே சொன்னார். நான் எழுதியதைவிட நல்ல கதை. அதை இங்கே எழுதமாட்டேன்.