குளோரபாரமும் மாமா பிடித்த கயிறும்

பல் பிடுங்கப் போய் டாக்டரம்மாவின் விரலைக் கடித்து வைத்தவள் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பேர் இருந்தது. அது பாதி உண்மை. கடித்தது நிஜம், ஆனால் விரலை என் வாய்க்குள் கொண்டுவந்து வைத்தது அவர்தான். எனக்கு அப்போது ஏழு வயது. உலக யுத்தம் முடிந்த சமயம். தூங்கும்போதும் கன்னத்தில் சில்லுக்கருப்பட்டியை அடக்கிக்கொண்டு படுத்ததில், இரண்டு கடைவாய்ப் பற்கள் சொத்தையாகி முகம் ஒரு பக்கம் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. இனி இவளுக்குக் குளோரபாரம் கொடுத்துத் தூங்க வைத்துத்தான் பிடுங்க முடியும் என்று டாக்டரம்மா விரலில் கட்டோடு சொல்லிவிட்டார்.

“ஒண்ணுமில்ல மக்கா, தூக்கத்துக்குள்ள இறங்கிட்டு ஏறி வந்துரலாம்” என்று அப்பா சமாதானம் சொன்னார். அதுதான் வினையாகிவிட்டது.

அப்பா சங்கு குளிக்கிறவர். வள்ளத்தில் போய், கல் கட்டிய கயிற்றில் காலை ஊன்றிக் கடலடிக்கு இறங்கி, மூச்சு தாங்கும்வரை சங்கு பொறுக்குவார். இடுப்பில் கட்டிய இன்னொரு கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தால் மேலே இருக்கிறவர் தூக்கிவிட வேண்டும். அந்தக் கயிற்றைக் கண்டவர் கையில் கொடுக்க மாட்டார்கள். பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன்தான் பிடிப்பான். தன் அக்காளைத் தாலியறுக்க எந்தத் தம்பிதான் விடுவான்? ஆகவே அப்பாவின் கயிறு எப்போதும் அம்மாவின் தம்பியான என் மாமாவின் கையில் இருந்தது.

எனக்கு மட்டும் கயிறு வேண்டாமா? மாமா கயிறு பிடித்தால்தான் படுப்பேன் என்று ஒரே பிடியாக நின்றேன். மாமாவும் சளைக்காமல் வள்ளத்துக் கயிற்றையே தோளில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். அதன் மீன் நாற்றத்தில் டாக்டரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, கட்டுப்போடும் துணிச்சுருள் ஒன்றைக் கொடுத்தார். அதன் ஒரு முனையை என் மணிக்கட்டில் கட்டி, மறு முனையை ஜன்னல் வழியாக வெளியே விட்டார்கள். வராந்தாவில் மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

கம்பவுண்டர் துணி போர்த்திய மூடியை என் மூக்கின்மேல் வைத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கனிந்து அழுகின மாம்பழ வாசனை. மூச்சை நன்றாக இழு என்றார்கள். சங்கு குளிகாரன் மகளுக்கா சொல்லித்தர வேண்டும்? இறங்கும்போது எவனாவது மூச்சு விடுவானா? வாயை இறுக்கி மூச்சை அடக்கிக்கொண்டு மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன்.

“ஐயோ, பிள்ளைக்கு மூச்சு இல்லியே!” என்று கம்பவுண்டர் பதறியது காதில் விழுந்தது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஐம்பதுக்குமேல் முடியவில்லை. கடலிலிருந்து தலை தூக்கியவர்கள் இழுப்பது போல மூச்சை ஒரே இழுப்பாக இழுத்தேன். அறையிலிருந்த மருந்து முழுக்க எனக்குள் போயிருக்கும். அத்தோடு சரி.

அப்புறம் நடந்ததெல்லாம் மாமா சொல்லித் தெரிந்ததுதான். அவர் வாயில் அந்தக் கதை வருஷத்துக்கு ஒரு முழம் வளர்ந்தது. நான் வளராத கதையைச் சொல்கிறேன்.

பற்கள் இரண்டும் கழன்று வந்துவிட்டன. என்னைக் கட்டிலில் கிடத்தி, பத்து நிமிஷத்தில் கண் திறப்பாள் என்றார்கள். பத்து போய் இருபது ஆயிற்று. நான் திறக்கவில்லை. நாடி நன்றாக இருக்கிறது, மூச்சும் சீராக இருக்கிறது, மருந்தைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டாள், தானாக எழும்புவாள் என்று டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார். அப்பாவின் காதில் ஏறவில்லை. ஆளுயரத் திருக்கை மீன் பக்கத்தில் வந்தாலும் அசையாத மனுஷர், வராந்தாவுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

“ஏல, இழுத்தாளா?”

“இன்னும் இல்ல மச்சான்.”

“நல்லாப் பாருல.”

“பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

“போதும்ல, தூக்கிரு. தூக்கிரு அவள!”

“அவ இழுக்காம நான் எப்படித் தூக்க?” என்றாராம் மாமா. தொழில் சுத்தம் என்றால் அதுதான்.

அம்மா மட்டும் என் தலைமாட்டில் அசையாமல் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் கழித்து என் கை ஒரு வெட்டு வெட்டியது. அவ்வளவுதான், மாமாவின் கைகளுக்கு வேறென்ன தெரியும்? “ஏறிட்டா!” என்று கத்திக்கொண்டு விறுவிறுவென்று இழுத்துவிட்டார். நான் கட்டிலிலிருந்து ஜன்னலை நோக்கிக் கிளம்பிவிட்டேன். அம்மா பாய்ந்து இடுப்பைப் பிடித்திராவிட்டால் இன்னும் நாலு பல் போயிருக்கும்.

கண்ணைத் திறந்தபோது எனக்கு இரண்டு அப்பா தெரிந்தார்கள். இருவர் வேட்டியிலும் வாந்தி எடுத்தேன். பிறகு காரணமில்லாமல் அழுதேன், உடனே சிரித்தேன், கோயில் பாட்டு ஒன்றைப் பாதி பாடினேன். நான் எத்தனை சங்கு எடுத்தேன் என்று டாக்டரம்மாவை அதட்டிக் கேட்டேன். இந்த மருந்து தெளியும்போது பிள்ளைகள் இப்படித்தான் இருப்பார்கள் என்று அவர் சிரித்தார். அப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உயிர் போய் வந்துட்டுதே, உயிர் போய் வந்துட்டுதே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா அவரையே பார்த்தாள். “ஒரு அரை மணி நேரத்துக்கே இந்தப் பாடா? நான் தெனமும் கரையில இப்படித்தான இருக்கேன்” என்றாள்.

சொன்னவள் கடகடவென்று சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வர, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் சிரித்தார், ஜன்னலில் மாமாவும் சிரித்தார். என் வீங்கின மூஞ்சியைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்கு வந்ததே கோபம்! இனி உங்களோடு பேசவே மாட்டேன் என்று சொன்னேன். பல் போன வாயில் அது கொழகொழவென்று வந்து, இன்னும் சிரித்தார்கள். அத்தனை சந்தோஷமாக எங்கள் வீட்டு ஆட்களை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து அப்பா தொழிலுக்குக் கிளம்பினார். அதுவரை அவர் சொல்லிக்கொண்டு போய் நான் பார்த்ததில்லை. துண்டை உதறித் தோளில் போடுவார், போய்விடுவார். அன்றைக்கு வாசல் வரை போனவர் திரும்பி வந்து, அடுப்படி நிலையைப் பிடித்தபடி நின்றார்.

“போயிட்டு வாரேன்” என்றார்.

அம்மா குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே அவர் பக்கம் திரும்பினாள். நோயாளியான என்னிடம்தான் சொல்லிக்கொள்கிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாயில் எழுந்து உட்கார்ந்து, “சரிப்பா, சீக்கிரம் வாங்க” என்று உத்தரவு கொடுத்தேன்.