செல்வத்தின் சிவப்புப் புள்ளி

போன மாதம் என் மைத்துனன் செல்வம் கடைக்கு வந்தான். தாமுவே மார்க்கெட் பக்கத்தில் நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். செல்வம் என் மனைவி பார்வதியின் தம்பி. அமெரிக்காவில் பெட்ரோல் பங்க்கை ஒட்டி ஒரு சின்னக் கடை நடத்துகிறான். அம்மாவின் காரியத்துக்காக ஊருக்கு வந்திருந்தான்.

உட்காரச் சொன்னேன். ஸ்டூலை இழுத்து, வாசலைப் பார்த்தபடி, முதுகு சுவரில் ஒட்ட உட்கார்ந்தான். வெயில் கொளுத்துகிறது... சட்டைக்கு மேல் தொளதொளவென்று இன்னொரு சட்டை!

“ஏன் மாப்ளே, ரெண்டு சட்டை?”

“பழக்கம் அத்தான். அங்கே இடுப்பிலே துப்பாக்கி இருக்கும். வெளியே தெரியக் கூடாதுல்ல?”

சட்டென்று தெருவை எட்டிப் பார்த்தேன். எங்கள் ஊரில் துப்பாக்கி யாரிடம் இருக்கும், அவர்களைக் கண்டால் எந்தச் சந்தில் ஒதுங்க வேண்டும் — எல்லோருக்கும் தெரியும். எண்பத்தெட்டில் ராணுவம் ஜனங்களைச் சுட்டபோது, அந்தப் பயத்தில்தானே இவன் ஊரைவிட்டே ஓடினான்?

“இங்கே கொண்டு வரலை, பயப்படாதீங்க. லோஞ்சியிலே சொருகினா கழண்டு விழும்” என்று இடுப்பில் கட்டியிருந்த பர்மியக் கைலியைத் தட்டிச் சிரித்தான்.

பிறகு சொன்னான். அவனோடு வேலை பார்த்த ஒருவரைக் கொள்ளையர்கள் கல்லாவிலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சிகரெட் பாக்கெட் அடுக்கிக்கொண்டிருந்தாராம். ரத்தத்தைக் கழுவியது செல்வம்தான். கழுவிய கையோடு போய் துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிக் கொடுத்தான்.

முதலில் வாங்கியது பெரியது. பிடிக்க வாகாக இருந்தது. ஆனால் உட்கார்ந்தால் விலாவில் குத்தியது, குனிந்தால் சட்டைக்கு மேல் புடைத்தது. அதைக் கொடுத்துவிட்டு உள்ளங்கை அளவில் ஒன்று வாங்கினான். ஒளித்துவைக்கச் சுகம். சுட்டால் கை உதறி, குண்டு எங்கேயோ போனது. கடைசியில் நடுத்தரமாக ஒன்று... கல்யாணப் புடவை எடுக்கப் போனவர்கள்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

வயது நாற்பதைத் தாண்டியதும் துப்பாக்கி முனையில் இருக்கும் குறி மங்கிவிட்டது. அதனால் மேலே ஒரு ‘ரெட் டாட்’ மாட்டினான். கட்டைவிரல் அகலத்தில் ஒரு கண்ணாடி; அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி. நாம் யாரைப் பார்க்கிறோமோ, அந்த ஆள்மேல் புள்ளி நிற்கும். நின்றதும் விரலை அழுத்த வேண்டியதுதான். எதிரே இருப்பவருக்கு அது தெரியாது.

“ஆனா எனக்குப் புள்ளியாத் தெரியலை அத்தான். பூ மாதிரி சிதறுது. நீங்கதான் சரி பண்ணணும்.”

இதற்குத்தானா வந்தான்?

சோதித்தேன். கருவிழியில் கொஞ்சம் கோணல். சிலிண்டர் பவர் போட்டால் சரியாகிவிடும். அதற்குள் கரண்ட் போய்விட்டது. மூலையில் இன்வெர்ட்டரின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. அதைப் பார்க்கச் சொல்லி லென்ஸை மெல்லத் திருப்பினேன்.

“நில்லுங்க... ஆங்! பொட்டு மாதிரி நிக்குது!”

இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி அந்த விளக்கைக் குறிபார்த்தான். அப்படியே கை தளர்ந்தது. அழ ஆரம்பித்துவிட்டான். டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்த பார்வதி திகைத்து நின்றாள்.

“ஒருநாள் மத்தியானம் வீட்டிலே தூங்கிட்டிருந்தேன்க்கா. பின்கதவுலே சத்தம். யாரும் வர்ற நேரமில்லை. எடுத்து நீட்டிட்டேன். ஒரு உருவம் வந்து நின்னுச்சு. புள்ளி சிதறுது... சரியா நிக்கட்டும்னு கொஞ்சம் பொறுத்தேன். ‘அப்பா’ன்னுச்சு. எம் பொண்ணு. நம்ம கீதாதான்க்கா. தலைவலின்னு ஸ்கூல்லேருந்து சீக்கிரமே வந்திருக்கு.”

லென்ஸை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

“அந்தச் சிதறல்தானேடா உன் மகளைக் காப்பாத்துச்சு? அதைப் போய் எடுக்கச் சொல்றியே?”

“அடுத்த தடவை நெசமாவே திருடன் வந்தா?”

“அந்தச் சனியனைத் தூக்கிப் போட்டுடு தம்பி” என்று கெஞ்சினாள் பார்வதி.

“போட்டுட்டு எப்படிக்கா கடைக்குப் போறது? கூட வேலை பார்த்தவரு சுட்டு விழுந்த எடத்துலேதான் நானும் நிக்கிறேன்.”

“அப்ப இங்கேயே வந்துடு.”

அவன் வாசலைப் பார்த்தான். தெருவில் ராணுவ லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது.

“இங்கேயா?” என்றான்.

பார்வதி டீயை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் போன பிறகு பார்வதிதான் சொன்னாள்: “செஞ்சு குடுத்துடுங்க. கண்ணு நல்லாத் தெரிஞ்சா, நிக்கிறது யாருன்னாவது தெரியும்ல?” அதையே பிடித்துக்கொண்டேன். வேறு எதைப் பிடிப்பது? கண்ணாடி செய்து கொடுத்தேன். போட்டுக்கொண்டு விமானம் ஏறினான்.

நேற்று போன் வந்தது. கண்ணாடி எப்படி என்று கேட்டேன்.

“ஜோரா இருக்கு அத்தான். குறி தப்புறதே இல்லை.”

“கீதா?”

“அதுக்கும் பழக்கிட்டோம்ல? வாசல்லேயே நின்னு ‘அப்பா, நான்தான், கீதா’ன்னு கத்திட்டுத்தான் உள்ளே வரும்.”

பெருமையாகத்தான் சொன்னான். என்ன சொன்னான் என்று பார்வதி கேட்டாள். எல்லோரும் சௌக்கியம் என்றேன்.

பெற்ற அப்பாவிடம் பெயர் சொல்லி உயிர் பிழைப்பதும் சௌக்கியத்தில்தான் சேர்த்தி போலிருக்கிறது.