சுவர் இடிந்த கேலரியில் எங்கள் முருகேசண்ணா

முருகேசண்ணா இறந்துவிட்டார்.

நேற்று மத்தியானம், பெங்களூரில் நாங்கள் வேலை பார்க்கும் ஆர்ட் கேலரியின் பக்கச்சுவர் இடிந்து... அவர் மேலேயே.

அவர் சொந்த ஊர் அதியமான்கோட்டையில், அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன்.

பழைய ஃபேக்டரி ஷெட்களை எல்லாம் கேலரி, கஃபே, ஆபீஸ் என்று மாற்றிக்கொண்டிருக்கிற ஏரியாவில்தான் எங்கள் கேலரி. கொஞ்ச நாள் லீவில் ஊருக்கு வந்துவிட்டுப் போனால் தெருவே அடையாளம் தெரியாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் கிரேன்.

நான் அங்கே ரிசப்ஷன். அண்ணா படம் மாட்டுவார், லைட் போடுவார்.

முதல் நாள் கன்னடம் வராமல் நான் திணறியபோது பின்னாலிருந்து ஒரு குரல். "எந்த ஊருங்க?"

"கம்பைநல்லூருங்க."

"அட, நம்ம பக்கம். பயமா இருக்குதா? எனக்கும் இங்க எல்லாமே பயந்தான்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உயரம் என்றாலே அவருக்கு ஆகாது. ஆனால் தினமும் ஏணி ஏறுகிற வேலை... கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வது நான்.

"சும்மா புடிச்சுக்கிட்டு நிக்காதீங்கம்மா, ஏதாச்சும் பேசுங்க. சத்தம் வந்தாத்தான் கீழ ஆளு இருக்குதுன்னு நம்புவேன்" என்பார். நான் காலையில் என்ன சமைத்தேன் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். மேலிருந்து "ம்... ம்..." என்று வரும்.

அப்புறம் பக்கத்து மனையில் அடுக்குமாடி டவர் கட்டப் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். மெஷின் ஓடும்போதெல்லாம் என் டேபிளில் டீ ஆடும்.

ஒருநாள் பார்த்தால் சுவரில் விரல் நுழைகிற அளவு விரிசல். ரெண்டு பேரும் மேனேஜரிடம் போய்ச் சொன்னோம். "இந்த ஷோ முடியட்டும், பார்க்கலாம்" என்றார்.

அண்ணா என் டேபிளை இழுத்து வாசல் பக்கம் போட்டார். "இனி ஏணி புடிக்க வராதீங்க, இங்கயே உக்காருங்க. சத்தம் கேட்டா பைய எடுக்கக்கூட திரும்பாதீங்க."

நேற்று கேட்டது. நான் திரும்பவில்லை. ஓடினேன்.

உள்ளே படம் பார்த்துக்கொண்டிருந்த ரெண்டு பேரிடம் "வெளிய போங்க, வெளிய போங்க" என்று அவர் கத்தினார். அவர்கள் வந்துவிட்டார்கள்.

அண்ணா ஏணி உச்சியில் இருந்தார். இறங்க நேரமில்லை.

இன்று காலை பக்கத்து மனையில் மறுபடி மெஷின் ஓடுகிறதாம். திங்கட்கிழமையிலிருந்து எதிர் ஷெட்டுக்கு வரச்சொல்லி மேனேஜர் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். அதுவும் இதே மாதிரிப் பழைய ஷெட்தான்.

எங்கள் வீட்டில் சம்பளக்காரி நான் ஒருத்திதான்.

அண்ணாவின் மனைவி சுமதி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "நீ திரும்ப அங்க போவியா கண்ணு?"

"தெரியலீங்கக்கா..."

என் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவே இல்லை.

அண்ணாவைக் கொண்டுவரும் ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்பிவிட்டது. எல்லோரும் எழுந்திருக்கிறார்கள்.

ஊரு வந்துடுச்சுங்கண்ணா.